பின் அச்சு மாற்றத்தில் சக்கர ஸ்டட் அமைப்பை அளத்தல்

சக்கர ஸ்டட் அமைப்பு என்பது, வாகனத்தின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டட்டுகளின் எண்ணிக்கையையும், அவற்றின் மையங்கள் வழியாகச் செல்லும் கற்பனை வட்டத்தின் விட்டத்தையும் சேர்த்துக் குறிக்கும் அளவாகும். ஸ்டட் என்பது ஹப்பிலோ ஆக்சில் ஷாஃப்ட்டின் நுனியில் உள்ள ஃபிளாஞ்சிலோ இறுக்கமாகச் செருகப்பட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரை வெட்டிய ஆணி ஆகும். சக்கரத்தை அதில் மாட்டி, மேலே நட்டுப் போட்டு இறுக்குவர். ஸ்டட் வட்டத்தின் விட்டத்தை டயர்க் கடைகளிலும் பட்டறைகளிலும் பி.சி.டி. என்று சொல்வர்.

ஒரு கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது நான்கு சக்கரங்களும் ஸ்டெப்னியும் அதன் ஸ்டட் அமைப்புக்குப் பொருந்தியே வருகின்றன. வேறொரு வாகனத்தின் பின் அச்சை அதில் பொருத்த நினைக்கும்போதுதான் இந்த அளவு கேள்வியாகிறது. நான்கு, ஆறு, எட்டு ஸ்டட்டுகள் உள்ள அச்சில் இதை ஒரே அளவில் கண்டுவிடலாம். ஐந்து ஸ்டட்டுகள் உள்ள அச்சில் அப்படி முடியாது. அங்கே டேப்பை வைத்துப் படிக்கும் எண், பல வேளைகளில் உண்மையாகவே இருக்கும் இன்னொரு பி.சி.டி.யின் எண்ணாக அமைந்து அளப்பவரை ஏமாற்றுகிறது.

## எழுதும் முறை

ஸ்டட் அமைப்பை இரண்டு எண்களால் எழுதுவர். முதல் எண் ஸ்டட்டுகளின் எண்ணிக்கை, இரண்டாவது எண் வட்டத்தின் விட்டம். 5 × 114.3 என்றால் 114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் சம இடைவெளியில் ஐந்து ஸ்டட்டுகள் உள்ளன என்று பொருள். அமெரிக்க வாகனங்களில் இதையே அங்குலத்தில் 5 × 4.5 என்று எழுதுவது வழக்கம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகையால் இரண்டும் ஒரே அளவுதான்.

114.3, 120.65, 127, 139.7 போன்ற அளவுகள் மில்லிமீட்டரில் ஒழுங்கற்றவையாகத் தோன்றும். அங்குலத்தில் அவை முறையே 4.5, 4.75, 5, 5.5 ஆகும். மாறாக 100, 108, 112, 120 போன்றவை மில்லிமீட்டரிலேயே முழு எண்களாகக் குறிக்கப்படுபவை.

## பின் அச்சை மாற்றும் காரணம்

என்ஜினின் திறனைக் கூட்டும்போதும், பெரிய டயர் மாட்டும்போதும், கரடுமுரடான பாதைகளில் ஓட்டும்போதும் பின் அச்சின் மீது விழும் முறுக்கு விசை கூடுகிறது. பழைய அச்சின் ஷாஃப்ட்டும் பற்சக்கரங்களும் அதைத் தாங்காமல் உடையலாம். எனவே வலுவான அச்சு ஒன்றை வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்துகின்றனர்.

அமெரிக்காவில் பரவலாகச் செய்யப்படும் ஒரு மாற்றத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ராங்லர் டி.ஜே. வண்டிகள் பலவற்றில் டானா 35 என்னும் பின் அச்சு இருந்தது. அதன் ஷாஃப்ட்டில் 27 ஸ்பிளைன்கள் உண்டு. 1995 முதல் 2001 வரையான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல அச்சில் 31 ஸ்பிளைன்கள் கொண்ட தடித்த ஷாஃப்ட்டும் டிஸ்க் பிரேக்கும் உள்ளன. இங்கே 8.8 என்பது அச்சின் உள்ளே இருக்கும் பெரிய வளையப் பற்சக்கரத்தின் விட்டத்தைக் குறிக்கிறது. எக்ஸ்ப்ளோரரை ஃபோர்டும் ராங்லரை வேறு நிறுவனமும் தயாரித்தபோதிலும், இரண்டு வண்டிகளின் ஸ்டட் அமைப்பும் 5 × 114.3 தான். அதனால் ஸ்பிரிங் தாங்கிகளைப் புதிதாகப் பற்றவைப்பது போன்ற வேலைகள் இருந்தாலும், பழைய சக்கரங்களையே மாட்டிக்கொள்ள முடிகிறது. இந்த மாற்றம் பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

## ஒரே பெயர், வெவ்வேறு அமைப்புகள்

அச்சின் பெயரை மட்டும் வைத்து ஸ்டட் அமைப்பை முடிவு செய்யக் கூடாது. ஃபோர்டின் 8.8 அங்குல அச்சே இதற்குச் சான்று. எக்ஸ்ப்ளோரரில் அது 5 × 114.3 ஆக வருகிறது. 1996 வரையான எஃப்-150 சரக்கு வண்டியில் 5 × 139.7 ஆகவும், 1997 முதல் 2003 வரையான எஃப்-150 வண்டியில் 5 × 135 ஆகவும் வருகிறது. 1993 வரையான மஸ்டாங் கார்களில் பெரும்பாலானவற்றில் அது நான்கு ஸ்டட்டுகள் கொண்ட 4 × 108 ஆக இருந்தது.

வண்டியின் பெயரும் போதாது. ஜீப் ராங்லர் டி.ஜே. வண்டியில் 5 × 114.3 என்றால், அதற்கு அடுத்து 2007இல் வந்த ராங்லர் ஜே.கே. வண்டியில் 5 × 127. ஜீப் கிராண்ட் செரோக்கியும் 1998 வரை 5 × 114.3 ஆக இருந்து, 1999இல் 5 × 127க்கு மாறியது. செவர்லே கமாரோ 2002 வரை 5 × 120.65 ஆக வந்தது. 2010இல் மீண்டும் வந்தபோது 5 × 120 ஆயிற்று.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கிடங்கில் கழற்றிப் போடப்பட்டிருக்கும் அச்சு எந்த ஆண்டின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதை விற்பவரே அறியாமல் இருக்கலாம். முந்தைய உரிமையாளர் ஷாஃப்ட்டை மாற்றியிருக்கவும் கூடும். எனவே அளந்து பார்ப்பதே உறுதியான வழி.

## இரட்டை எண்ணிக்கையில் அளத்தல்

நான்கு, ஆறு அல்லது எட்டு ஸ்டட்டுகள் இருந்தால் ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் நேர் எதிரே இன்னொரு ஸ்டட் இருக்கும். அவ்விரண்டின் மையங்களுக்கு இடையிலான தூரமே வட்டத்தின் விட்டம். கணக்கு எதுவும் தேவையில்லை.

## ஐந்து ஸ்டட்டுகளை அளத்தல்

ஐந்து ஸ்டட்டுகள் ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தின் முனைகளில் அமைகின்றன. ஒரு முனைக்கு நேர் எதிரே இன்னொரு முனை இராது, இரண்டு முனைகளுக்கு இடைப்பட்ட வெற்றிடமே இருக்கும். ஆகவே எந்த இரண்டு ஸ்டட்டுகளுக்கு இடையே அளந்தாலும் கிடைப்பது விட்டம் அல்ல, வட்டத்தின் ஒரு நாண்தான்.

இங்கே இரண்டு வகை நாண்கள் உண்டு. அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்டுகளின் மையங்களை இணைப்பது குறுநாண். இடையில் ஒரு ஸ்டட்டை விட்டு அதற்கடுத்த ஸ்டட்டை இணைப்பது நெடுநாண். நாணிலிருந்து விட்டத்தைப் பெறும் சூத்திரங்கள் இவை:

விட்டம் = குறுநாண் ÷ சைன் 36° = குறுநாண் × 1.7013

விட்டம் = நெடுநாண் ÷ சைன் 72° = நெடுநாண் × 1.0515

இரண்டில் நெடுநாணை அளப்பதே சிறந்தது. அளப்பதில் 0.5 மி.மீ. பிழை நேர்ந்தால், குறுநாண் வழியில் அது விட்டத்தில் ஏறத்தாழ 0.85 மி.மீ. பிழையாகப் பெருகும். நெடுநாண் வழியில் 0.53 மி.மீ. அளவிலேயே நிற்கும்.

## மையத்தைக் காணும் வழி

ஸ்டட்டின் மையம் கண்ணுக்குத் தெரியும் புள்ளி அல்ல. டேப்பைக் குத்துமதிப்பாக நடுவில் வைத்து அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகுவது எளிது. வெர்னியர் அளவியால் இதைத் தவிர்க்கலாம்.

1. சக்கரத்தையும், பிரேக் டிரம் அல்லது டிஸ்க்கையும் கழற்றி, ஃபிளாஞ்சைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும்.
2. ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு ஸ்டட்டுகளைத் தேர்ந்து, அவற்றின் வெளி விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தை அளக்க வேண்டும்.
3. அதே இரண்டு ஸ்டட்டுகளின் உள் விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தையும் அளக்க வேண்டும்.
4. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மையங்களுக்கு இடையிலான தூரம் கிடைக்கும்.
5. அதை 1.0515 ஆல் பெருக்கினால் பி.சி.டி. கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, வெளி விளிம்பு அளவு 121.4 மி.மீ., உள் விளிம்பு அளவு 96.0 மி.மீ. எனக் கொள்வோம். சராசரி 108.7. இதை 1.0515 ஆல் பெருக்க 114.3 வருகிறது. இந்த முறையில் ஸ்டட்டின் தடிமனைத் தனியே அளந்து கழிக்க வேண்டியதில்லை. இரண்டு அளவுகளையும் ஸ்டட்டின் ஒரே உயரத்தில், ஃபிளாஞ்சை ஒட்டி எடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நுனியில் அளந்தால் சற்றே வளைந்த ஸ்டட்கூடக் கணக்கைக் கெடுத்துவிடும். அப்படி வளைந்த ஸ்டட் இருக்கிறதா என்பதை அறிய, குறைந்தது மூன்று இணைகளை அளந்து ஒப்பிட வேண்டும்.

அளந்தது சரியா என்று பார்க்க இன்னொரு சோதனையும் உண்டு. ஒழுங்கு ஐங்கோணத்தில் மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதம் எப்போதும் 1.618, அதாவது பொன் விகிதம். எனவே நெடுநாணைக் குறுநாணால் வகுத்தால் 1.618 வர வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் குறுநாண் 67.2 மி.மீ. ஆக இருக்கும். 108.7 ÷ 67.2 = 1.618. விகிதம் கணிசமாக வேறுபட்டால் அளவு பிசகியுள்ளது, அல்லது ஏதோ ஒரு ஸ்டட் வளைந்துள்ளது எனக் கொள்ளலாம்.

## ஏமாற்றும் நாண்

ஐந்து ஸ்டட் அச்சில் பரவலாக நேரும் பிழை, நெடுநாணையே விட்டம் என்று எடுத்துக்கொள்வது. நெடுநாண் விட்டத்தைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு சிறியது. வழக்கிலுள்ள பி.சி.டி. அளவுகளும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காடு இடைவெளியில் அமைந்துவிட்டன. இதன் விளைவைக் கீழ்க்காணும் அட்டவணையில் காணலாம். அளவுகள் அனைத்தும் மில்லிமீட்டரில் உள்ளன.

| பி.சி.டி. | குறுநாண் | நெடுநாண் | இவ்வமைப்பு உள்ள சில வாகனங்கள் |
|---|---|---|---|
| 108 | 63.5 | 102.7 | ஃபோர்டு ஃபோகஸ் |
| 114.3 | 67.2 | 108.7 | ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் (2001 வரை), ஜீப் ராங்லர் டி.ஜே. |
| 120 | 70.5 | 114.1 | பிஎம்டபிள்யூ கார்கள் பல, செவர்லே கமாரோ (2010 முதல்) |
| 120.65 | 70.9 | 114.7 | செவர்லே கமாரோ (2002 வரை) |
| 127 | 74.6 | 120.8 | ஜீப் ராங்லர் ஜே.கே. |
| 135 | 79.4 | 128.4 | ஃபோர்டு எஃப்-150 (1997–2003) |
| 139.7 | 82.1 | 132.9 | ஜீப் சி.ஜே., சுசுகி ஜிம்னி, மாருதி ஜிப்சி |

127 மி.மீ. அச்சின் நெடுநாண் 120.8. அதை விட்டமாகக் கருதுபவர் 5 × 120.65 என்று எழுதிக்கொள்வார். 120.65 மி.மீ. அச்சின் நெடுநாண் 114.7. டேப்பில் பார்ப்பவருக்கு அது 4.5 அங்குலம் என்றே தோன்றும். 114.3 மி.மீ. அச்சின் நெடுநாண் 108.7, அதுவும் 108 என்ற வழக்கமான அளவை ஒட்டி நிற்கிறது. கிடைத்த எண் எங்குமில்லாத ஓர் அளவாக இருந்தால் அளப்பவருக்கு ஐயம் வந்திருக்கும். அது நன்கு அறிந்த எண்ணாக இருப்பதால் ஐயமே எழுவதில்லை.

சக்கரத்தின் துளைகளை அளக்கும்போது பட்டறைகளில் ஒரு குறுக்குவழியைப் பின்பற்றுவர். ஒரு துளையின் வெளி விளிம்பிலிருந்து, ஒன்று விட்டு அடுத்த துளையின் மையம் வரை அளந்து, அதையே பி.சி.டி. என்பர். நெடுநாணோடு துளையின் ஆரம் சேர்வதால் விட்டத்துக்கு நெருங்கிய எண் கிடைக்கிறது. 114.3 மி.மீ. அமைப்பில் 14 மி.மீ. துளை இருந்தால் 108.7 + 7 = 115.7 வரும். 114.3ஐயும் 120.65ஐயும் பிரித்தறிய இது போதும். நெருங்கிய அளவுகளைப் பிரித்தறியப் போதாது.

## 120, 120.65 என்னும் சிக்கல்

பி.சி.டி. பெரிதும் வேறுபட்டால் சக்கரமே காட்டிக்கொடுத்துவிடும். 114.3 மி.மீ. சக்கரத்தை 120.65 மி.மீ. ஃபிளாஞ்சில் மாட்ட முயன்றால், ஒவ்வொரு ஸ்டட்டும் துளையின் மையத்திலிருந்து 3 மி.மீ.க்கு மேல் தள்ளி நிற்கும். சக்கரம் ஏறவே ஏறாது. பணமும் நேரமும் போகுமே தவிர ஆபத்து நேராது.

120, 120.65 ஆகிய இரண்டும் அப்படியல்ல. இவற்றின் நெடுநாண்கள் 0.6 மி.மீ. மட்டுமே வேறுபடுகின்றன. டேப்பால் இதைக் காண இயலாது. ஒன்றின் சக்கரம் மற்றதன் ஸ்டட்டுகளில் தடையின்றி ஏறிவிடும், நட்டும் இறுகும். ஆனால் ஐந்து ஸ்டட்டுகளும் ஒரே நேரத்தில் துளைகளின் மையத்திலிருந்து ஏறத்தாழ 0.33 மி.மீ. விலகி நிற்பதால், சக்கரத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் எல்லாம் மையத்துக்கு வராது. கூம்பு வடிவ நட்டு தன் இருக்கையில் முழுதாக அமராமல் ஒரு பக்கமாக அழுத்தி, ஸ்டட்டை வளைக்கிறது.

சக்கரத்தின் பாரத்தைத் தாங்குவது ஸ்டட்டின் தடிமன் மட்டுமன்று. நட்டுகள் இறுக்கும்போது சக்கரத்துக்கும் ஃபிளாஞ்சுக்கும் இடையே ஏற்படும் அழுத்தமும் உராய்வுமே பெரும்பகுதியைத் தாங்குகின்றன. நட்டு ஒருபக்கமாக அமர்ந்தால் அந்த அழுத்தம் நாளடைவில் குறையும், நட்டுத் தளரும். 2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 முறை சுழல்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 30,000 சுழற்சிகள். ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்டட் சிறிதளவு வளைந்து நிமிர்ந்தால் உலோகம் களைப்புற்று விரிசல் கண்டு ஒடியும். ஒரு ஸ்டட் ஒடிந்தால் மற்றவற்றின் மீது பாரம் கூடும். சக்கரம் ஓடும்போதே கழன்றுவிடும் விபத்துக்கு இது வழிவகுக்கிறது. ஆகவே வெளிப்படையாகப் பொருந்தாத சக்கரத்தைவிட, பொருந்துவது போலத் தோன்றும் சக்கரமே ஆபத்தானது.

## உடன் பார்க்க வேண்டிய அளவுகள்

பி.சி.டி. ஒத்துவந்தாலும் வேலை முடிந்துவிடாது. கீழ்க்காண்பவற்றையும் ஒப்பிட வேண்டும்.

ஸ்டட்டின் மரை: ஜீப், ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் அரை அங்குலத் தடிமனும் அங்குலத்துக்கு 20 மரைகளும் கொண்ட ஸ்டட்டுகள் உள்ளன. டொயோட்டா, ஹோண்டா கார்கள் பலவற்றில் 12 மி.மீ. தடிமனும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும், சுசுகி, நிசான் கார்கள் பலவற்றில் 12 மி.மீ. தடிமனும் 1.25 மி.மீ. மரை இடைவெளியும் உண்டு. அரை அங்குல நட்டின் மரை இடைவெளி 1.27 மி.மீ. ஆகையால், அது 12 மி.மீ. ஸ்டட்டில் 1.25 இடைவெளியுள்ள மரையில் தளர்வாகத் திருகிக்கொள்ளும். பிடிப்பதுபோல் தோன்றினாலும் மரைகள் முழுமையாகக் கவ்வா. அச்சை வாங்கும்போதே அதற்குரிய நட்டுகளையும் சேர்த்து வாங்குவது நல்லது.

நடுத்துளை: சக்கரத்தின் நடுத்துளை, ஹப்பின் நடுவில் நீட்டியிருக்கும் வளையத்தைவிடச் சிறிதாக இருந்தால் சக்கரம் உட்காராது. பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையங்கள் கிடைக்கின்றன.

நட்டின் இருக்கை: கூம்பு, கோளம், தட்டை என மூன்று வடிவங்கள் உண்டு. சக்கரத்தின் துளை எந்த வடிவமோ, நட்டும் அந்த வடிவமாகவே இருக்க வேண்டும்.

அச்சின் அகலம்: ஒரு பக்கச் சக்கர முகத்திலிருந்து மறுபக்கச் சக்கர முகம் வரை அளக்க வேண்டும். இது கூடினால் டயர் மட்கார்டில் உரசலாம், குறைந்தால் உட்புறம் ஸ்பிரிங்கில் உரசலாம்.

## அமைப்பு ஒத்துவராதபோது

புதிய அச்சின் ஸ்டட் அமைப்பு முன்சக்கரங்களிலிருந்து வேறுபட்டால் சில வழிகள் உள்ளன.

முதல் வழி, அதே ஸ்பிளைனும் நீளமும் கொண்ட, வேண்டிய ஸ்டட் அமைப்புள்ள ஆக்சில் ஷாஃப்ட்டுகளை வாங்கிப் பொருத்துவது. செலவு கூடுதல், ஆனால் ஐயத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, ஃபிளாஞ்சில் பழைய துளைகளுக்கு இடையே புதிய துளைகள் இடுவது. 139.7 மி.மீ. அமைப்பை 114.3 மி.மீ. அமைப்பாக மாற்றும்போது, புதிய துளைகளை 36° திருப்பி வைத்தால் பழைய துளைகளிலிருந்து ஏறத்தாழ 41 மி.மீ. தள்ளி அமையும். இரண்டு அளவுகளும் நெருங்கியிருந்தால்கூட இதே முறையில் இடம் கிடைக்கும், ஆனால் ஃபிளாஞ்சின் விளிம்பில் போதிய உலோகம் எஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். துளைகளைக் கைத்துரப்பணத்தால் இடாமல், அளவு பிசகாமல் துளையிடும் இயந்திரம் உள்ள பட்டறையில் இட வேண்டும். பிரேக் டிரம் அல்லது டிஸ்க்கிலும் அதே அமைப்பில் துளையிட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, அடாப்டர் தகடு. இது ஒரு பக்கம் அச்சின் அமைப்பிலும் மறுபக்கம் சக்கரத்தின் அமைப்பிலும் அமைந்த தடித்த உலோகத் தட்டு. ஒவ்வொரு பக்கமும் 32 மி.மீ. தகடு போட்டால் பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 64 மி.மீ. கூடும். அச்சின் பழைய ஸ்டட்டுகள் தகட்டின் முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சக்கரம் சமமாக அமராது.

நான்காவது, முன் ஹப்புகளையும் மாற்றிப் புதிய அமைப்புக்கே முழு வண்டியையும் கொண்டுவருவது. முன்னும் பின்னும் வெவ்வேறு அமைப்பை விட்டுவைத்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது. நெடுவழியில் பின்சக்கரம் பஞ்சராகும்போதுதான் அதன் அருமை தெரியவரும்.

## பொருத்திப் பார்த்தல்

அளவுகள் எல்லாம் ஒத்துவந்த பின்னும், அச்சைக் காரில் பற்றவைக்கும் முன்பாகவே காரின் சக்கரம் ஒன்றை அதன் ஃபிளாஞ்சில் மாட்டிப் பார்க்க வேண்டும். சக்கரம் தட்டாமல், நெம்பாமல் தானாகச் சென்று ஃபிளாஞ்சோடு ஒட்டி நிற்க வேண்டும். ஐந்து நட்டுகளும் கையாலேயே கடைசி வரை சுழல வேண்டும். ஒரு நட்டை இறுக்கும்போது மற்றொன்று முறுக்கிக்கொண்டால் அளவில் வேறுபாடு உள்ளது. இறுதியாக, நட்டுகளை நட்சத்திர வரிசையில், தயாரிப்பாளர் குறித்த முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் 80 முதல் 100 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அப்போது எந்த நட்டாவது தளர்ந்திருந்தால், அதை இறுக்கிவிட்டு ஓட்டத்தைத் தொடராமல், சக்கரத்தைக் கழற்றி நெடுநாணை மறுபடியும் அளப்பதே முறை.